மழையில் ஸ்டியரிங் லேசாகிப் போனால்

சார், கிருமாம்பாக்கம் தாண்டி 80-ல் வரும்போது ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி ஆனது, பிரேக் அடித்ததும் வண்டி அலைந்தது, வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ந்த ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை என்றால் அலைன்மென்டை விடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டயர் தண்ணீர் மேல் மிதந்திருக்கிறது.

முதலில் டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. தேய்மானம் அதைத் தொட்டால்தான் சட்டப்படி மாற்றணும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது போதாது, பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள். காற்று குறைந்தாலும் டயர் சீக்கிரம் மிதக்கும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் சூடாகும் முன் நிரப்புங்கள்.

மறுபடி மிதந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். வேகம் குறைந்ததும் பிடிமானம் தானே வரும். கொட்டும் மழையில் 50-க்கு மேல் வேண்டாம், வேகத்தைத் தானே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். முன்வண்டியின் டயர் தடத்திலேயே போங்கள், அங்கே தண்ணீர் குறைவு. நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள்; நீங்கள் திரும்புவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

தேங்கிய தண்ணீரில் இன்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி ஓரம் கட்டுங்கள்.