பிறவி ஞானமா, சாதகமா? கர்நாடக இசைக் கேள்வி பதில்

டீச்சர், என் ஏழு வயதுப் பெண் சினிமாப் பாட்டை ஒரு தடவை கேட்டாலே பாடிவிடுகிறாள். ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை என்றால் அழுகை. அது கட்டாயமா?

கட்டாயம்தான் அம்மா. அவளுக்கு நல்ல காது இருக்கிறது, சந்தோஷம். ஆனால் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சுருதி நழுவாமல் ஸ்வரம் நிற்க, தொண்டை பழக வேண்டும். பிடித்த பாட்டை முதலில் பாடவிடுங்கள், அப்புறம் தம்புராவைப் போட்டு கொஞ்ச நேரம் வரிசை. அழ வைத்துப் பாட வைக்காதீர்கள்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பிறவி மேதைதானே? அதில் சாதகத்துக்கு, அதாவது விடாத பயிற்சிக்கு, என்ன பங்கு?

மேதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கற்ற விதத்தைப் பாருங்கள். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு வாசிப்பான். வழக்கமான மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள்; நாதம் சட்டென்று அடங்கிவிடும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் பிடிப்பது கஷ்டம். ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலின். காதில் விழுந்த பாட்டு விரலுக்கு வர, வாத்தியமே மாற வேண்டியிருந்தது. இதில் ஞானம் எது, உழைப்பு எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பல வருடமாக வயலின் கற்கிறேன். வர்ணம் என்கிற உருப்படி இரண்டு காலமும் சுத்தமாக வரும். ஆனால் நான் வாசிக்கும் தோடி ராகம் தோடி மாதிரியே இல்லை என்கிறார் குரு. எனக்கு ஞானம் இல்லையோ?

அப்படி முடிவு கட்டாதீர்கள். புத்தகத்தில் 'க' என்று இருக்கிற இடத்தில் விரலை வைத்து நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். தோடியின் அந்த 'க', அதாவது காந்தாரம், ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவே ஆட வேண்டும். எவ்வளவு அகலமாக, எவ்வளவு நிதானமாக என்பதை எந்த ஸ்வரக் குறிப்பும் காட்டாது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி ஒலிப்பதிவாகக் கிடைக்கிறது. தினமும் கேளுங்கள், கூடவே பாடுங்கள். வாயில் வந்த பிறகு வில்லை எடுங்கள். நாம் பிறவி ஞானம் என்று சொல்வதில் பெரும்பகுதி, வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிய கேள்வி ஞானம்தான். முப்பது, நாற்பது வயதிலும் அது சேரும். மெதுவாகச் சேரும், அவ்வளவுதான்.

குரல் வளம் இல்லாதவர் மேடைக்கு ஆசைப்படலாமா?

தாராளமாக. செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் கரகரப்பானது. அதைச் சாதகத்தால் வசப்படுத்தியவர், 1947இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

அப்படியானால் உழைத்தால் யாரும் மகா வித்வான் ஆகலாமா? என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, குழல் கற்கிறான். அந்த அளவுக்கு வரமாட்டான் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்.

யாரும் ஆகலாம் என்று நான் சொல்லமாட்டேன் ஐயா. உழைத்தால் நல்ல வித்வான் ஆகலாம். குழல் மேதை மாலி, குழலில் புது உத்திகளைக் கொண்டுவந்தார். அவற்றைக் கற்று, என். ரமணி போன்றவர்கள் உச்சத்துக்கே போனார்கள். ஆனால் மாலிக்கு முதலில் தோன்றியதே, அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது தோன்றுமா என்று இந்த வயதில் எந்த குருவாலும் சொல்ல முடியாது. அவன் தானாகக் குழலை எடுக்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். எடுக்கிறான் என்றால் வகுப்பை நிறுத்தாதீர்கள்.