கடுக்கன் போட்டால் ஆம்பிளை இல்லையா?

வணக்கம் சார். காலேஜிலிருந்து லீவுக்கு வந்த என் மகன் ஒரு காதில் கடுக்கன் போட்டிருந்தான். ‘பொம்பளை மாதிரி’ என்று சொல்லிவிட்டு அவன் அப்பச்சி (அப்பா) மூன்று நாளாகப் பேசவில்லை. முகப்பில் மாட்டியிருக்கும் படத்தில் அவருடைய ஐயா இரண்டு காதிலும் கடுக்கன் போட்டிருக்கிறார். காட்டினால் ‘அது அந்தக் காலம்’ என்கிறார். அந்தக் காலம் எப்போது மாறியது?

- தேவகோட்டை வாசகி

ஆச்சி, வேலூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1806-இல் அங்கே வெள்ளைக்காரர் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு: சீருடையில் நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு, புதுமாதிரித் தலைப்பாகை வை. ஜூலை 10-இல் கோட்டைக்குள் புரட்சி வெடித்தது. உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் ஆம்பிளையைத் தரம் பார்க்கும் அந்தக் கண் வாபஸ் ஆகவில்லை. 1857-க்குப் பிறகு பஞ்சாபியும் கூர்க்காவும் வீர இனம், வங்காளி பெண்தன்மைக்காரன் என்று பிரித்தார்கள். 1880-களில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் நம் பக்கத்துச் சிப்பாய் தேறமாட்டான் என்றார், பட்டாளத்தில் நம் ஆட்கள் குறைந்தார்கள். பர்மாவிலும் கரேன், கச்சின், சின் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பர்மியனைச் சோம்பேறி என்று பெரும்பாலும் ஒதுக்கினார்கள்.

அதே பர்மாவில்தான் வட்டித்தொழில் செய்யப்போன நம் நகரத்தார் கடுக்கனும் குடுமியுமாகக் கிட்டங்கியில், அதாவது தொழில் நடக்கும் கூடத்தில், தரையில் உட்கார்ந்து பேரேடு எழுதினார்கள். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, மூன்று வருஷக் கணக்கை நேர்செய்து, கடையை நடத்தும் மேலாளாகி வருகிறவன்தான் இங்கே ஆம்பிளை. தோள் அகலத்தை யாரும் அளக்கவில்லை. இதை ரொம்பக் கொண்டாடவும் முடியாது: அந்த வருஷங்களில் வளவில் தனியாக இருந்த ஆச்சிமார் எந்தப் பேரேட்டிலும் இல்லை, 1930-களின் பொருளாதார மந்தத்தில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் கடனுக்கு ஈடாக நம்மவர் கைக்கு வந்தபோது, அங்கிருந்த விவசாயிக்கு நாமும் வெள்ளைக்காரனோடு வந்த கூட்டம்தான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலுக்கு மேல் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு சுதைச் சிப்பாய்கள், சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக. வீட்டைக் கட்டியவர் உள்ளே படத்தில் மேலுக்கு ஒரு துண்டு, காதில் வைரக் கடுக்கன். அவருக்கு அந்தச் சிப்பாய் வாசல்காவல், அவ்வளவுதான். அடுத்த தலைமுறை படிக்கப்போய், கிராப்பு வெட்டி, கோட்டுப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படங்களில் கடுக்கன் இல்லை. உங்கள் வீட்டிலும் அநேகமாக அப்போதுதான்.

அப்புறம், முகப்புப் படத்தை விடுங்கள். அவன் அப்பச்சி தூங்கும்போது காதைக் கிட்டே போய்ப் பாருங்கள். சின்ன வயதில் மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்திய துளை, தூர்ந்திருந்தாலும் தழும்பு இருக்கும்.