வாசகர் கேள்வி – பதில்: மரபு நடனமும் மின்னணு மேடையும்

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக மரபு நடனம் பயின்று ஆடி வருகிறேன். நாடகம், திரையில் விழும் காட்சிகள், அசைவை உணரும் சென்சார் கருவிகள் ஆகியவற்றையும் சேர்த்துத் தனி நிகழ்வு ஒன்றை உருவாக்க விரும்புகிறேன். கருவிகள் கலையைக் கெடுத்துவிடும் என்று என் ஆசிரியர் வருந்துகிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மேடையும் கருவியும் சேர்வது புதிதன்று. 1890களில் பாரிஸில் லோயி ஃபுல்லர் நீண்ட பட்டுத் துணிகளைச் சுழற்றி ஆடியபோது, அவற்றின்மேல் விழுந்த வண்ண மின்னொளி அந்த நடனத்தின் சரிபாதியாக இருந்தது. 1965இல் அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் உருவாக்கிய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' நிகழ்வில், ஒளியுணர் கருவிகளும் ஆண்டெனாக்களும் ஆடுபவர்களின் அசைவை உணர்ந்து ஒலியை மாற்றின.

ஆயினும் உங்கள் ஆசிரியரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அசைவைப் பதிவு செய்யும் 'மோஷன் கேப்சர்' முறையில் உடலில் ஒட்டிய குறிகளைப் பல கேமராக்கள் பின்தொடர்ந்து, ஒவ்வொரு மூட்டும் எங்கே இருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்கின்றன. எந்தக் காலில் பாரம் நிற்கிறது, மூச்சு எங்கே அடங்குகிறது, பார்வை எதைத் தேடுகிறது என்பவற்றை அந்தப் புள்ளிகள் சொல்வதில்லை. ஆசிரியர் உங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்றுத்தந்தது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இந்த இடத்தில் தாய்லாந்தின் 'கோன்' முகமூடி நாட்டிய நாடக மரபில் பயின்ற பிச்செட் குளுன்சுனின் உழைப்பை நினைக்கிறேன். அவர் அம்மரபின் 59 அடிப்படை நிலைகளை நீண்ட காலம் ஆராய்ந்து, அவற்றுள் இயங்கும் ஆறு கூறுகளை வகுத்துக்கொண்டார். அந்தக் கூறுகளின் வழியே ஆடும் கணினி உருவங்களுடன் மனிதர் சேர்ந்து ஆடும் படைப்பு அதன் பிறகுதான் வந்தது. இந்த வரிசை மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். ஆகவே எந்தக் கருவியையும் வாங்குமுன், உங்களுக்கு நன்கு பழகிய சிறிய பகுதி ஒன்றை எடுத்து, ஒவ்வோர் அசைவிலும் உடல் என்ன செய்கிறது என்பதை ஆசிரியருடன் அமர்ந்து எழுதுங்கள். அவற்றுள் உடலால் மட்டும் காட்ட முடியாத ஒன்று, ஒரு நினைவோ மறைந்த ஒருவரின் நிழலோ தென்பட்டால், அங்கேதான் கருவிக்கு வேலை இருக்கிறது.

சென்சாரை முதல் ஒத்திகையிலேயே கொண்டுவாருங்கள். நீங்கள் காலைத் தட்டியபின் ஒலி எழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால்கூடத் தாளம் தளரும். உடல் தன்னையறியாமல் கருவிக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். கருவி நின்றுபோனாலும் நிகழ்வைத் தொடர ஒரு வழி வகுத்து, அதையும் ஒத்திகை பாருங்கள். மூத்த கலைஞர் ஒருவரின் அசைவையோ, ஒரு சமூகத்தின் சடங்கையோ பதிவு செய்வதானால், அப்பதிவு எங்கே, எவ்வளவு காலம், எதற்குப் பயன்படும் என்பதை அவர்களிடம் விளக்கி, எழுத்தில் ஒப்புதல் பெறுவது அவசியம்.

கேள்வி: இதற்கு நானே புரோகிராமிங் கற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1966இல் நியூயார்க்கில் நடந்த '9 ஈவினிங்ஸ்' நிகழ்ச்சிகளில் 10 கலைஞர்களுடன் சுமார் 30 பொறியாளர்கள் இணைந்து உழைத்தார்கள். உங்கள் பொறியாளரை ஒத்திகைக்கு வரச் சொல்லி, அந்தச் சிறு பகுதியை அவரையும் ஒருமுறை ஆடிப்பார்க்கச் சொல்லுங்கள்; எதை அளக்க வேண்டும் என்பது அவருக்கு விரைவில் விளங்கும்.