தி குட், தி பேட் அண்ட் தி அக்லி: யாரோடு பார்க்கலாம்?

செர்ஜியோ லியோனி இயக்கி 1966-இல் இத்தாலியில் வெளியான வெஸ்டர்ன் (கௌபாய்) படம் பற்றி வந்த கேள்விகள் இவை. கதை முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: அண்ணா, பையனுக்கு 10 வயது. கௌபாய் என்றால் உயிர். இதைப் போட்டுக் காட்டலாமா?

ப: இப்போது வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்று, அதாவது 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். என்னைக் கேட்டால் 14, 15 வயதில், நீங்களும் கூட உட்கார்ந்து பார்த்தால் சரி. ரத்தம் அதிகமில்லை, இன்றைய நம் ஆக்‌ஷன் படங்களில் தெறிப்பதில் கால்வாசிகூட வராது. ஆனால் கொடுமை அவசரமே இல்லாமல் நடக்கும். தொடக்கத்தில் வில்லன் லீ வான் கிளீஃப் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, வீட்டுக்காரனுக்கு எதிரே உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிடுகிறான். பிறகு அவனைச் சுடுகிறான். துப்பாக்கியோடு ஓடிவரும் மகனையும் சுடுகிறான். அடுத்து, தன்னை அனுப்பிய ஆளையே தலையணையை வைத்து அழுத்திச் சுடுகிறான். பத்து வயதுக்கு இது கனம்.

கே: ரிமோட்டோடு தயாராக இருக்க வேண்டிய இடம் எது?

ப: போர்க் கைதி முகாம். அங்கேயும் முதலில் சாப்பாடுதான். லீ வான் கிளீஃப் மேசையில் உட்கார்ந்தாலே உஷாராகிவிடுங்கள்! தங்கம் தேடும் மூவரில் ஒருவனான டூகோவுக்குச் (ஈலை வாலக்) சாப்பாடு போட்டுவிட்டு, ஒரு தடியனை விட்டு அடிக்கச் சொல்கிறான். அலறல் வெளியே கேட்காமலிருக்க, கைதிகளையே வாத்தியம் வாசிக்க வைக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வாசிப்பவர்களுக்கும் தெரியும். என்னியோ மோரிகோனே அதற்குப் போட்டிருப்பது உருக்கமான மெட்டு. அடியைவிட அந்த மெட்டுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

கே: ஆபாசம்?

ப: காட்சியாக இல்லை. ஒரு பெண்ணை அறைந்து தகவல் பிடுங்கும் காட்சி உண்டு. டூகோவைத் தூக்கிலிடுவதற்கு முன் வாசிக்கும் குற்றப்பட்டியலில் பாலியல் பலாத்காரமும் வருகிறது. படம் அந்தப் பட்டியலை நகைச்சுவையாகக் கடந்து போகிறது. எனக்கு அது உறுத்தல்தான். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

கே: மூன்று மணி நேரமாமே? பொறுமை தாங்குமா?

ப: அமெரிக்காவில் ஓடியது 161 நிமிடப் பதிப்பு. 2003-இல் விடுபட்ட காட்சிகளைச் சேர்த்து ஏறக்குறைய 179 நிமிடமாக்கினார்கள். அந்தக் காட்சிகளுக்கு நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் வாலக்கும் முதிய வயதில் வந்து குரல் கொடுத்தார்கள். வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் பேசினார். கூர்ந்து கேட்டால் குரல் மாறுவது தெரியும். முதல் தடவை என்றால் சின்னப் பதிப்பே போதும். தொடக்கத்தில் பத்து நிமிடத்துக்கு யாரும் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் முணுமுணுப்பு வந்தால் அதைத் தாண்டும்வரை சமாளியுங்கள்.

கே: வாயசைவும் வசனமும் ஒட்டவில்லையே, என் பிரதி கோளாறா?

ப: இல்லை. படப்பிடிப்பில் ஆளாளுக்குத் தங்கள் மொழியில் பேசினார்கள், குரல் எல்லாம் பிறகு சேர்த்தது.

கே: லியோனியும் ஈஸ்ட்வுட்டும் சேர்ந்து இதற்கு முன் செய்த இரண்டு படங்களையும் பார்த்திருக்க வேண்டுமா?

ப: வேண்டாம். 1964, 1965-இல் வந்தவை தனிக் கதைகள்.

கே: போர்க் காட்சிகள் எப்படி? அப்பா பழைய ராணுவக்காரர்.

ப: அவருக்குத்தான் இந்தப் படம் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும்போது புதைத்து வைத்த தங்கத்தை மூன்று பேர் தேடுவதுதான் கதை. ஒரு பாலத்துக்காக இரு படைகளும் தினம் மடிகின்றன. கேப்டனோ குடித்தே பொழுதைத் தள்ளுகிறான். ஸ்பெயினில் அந்தப் பாலத்தை நிஜமாகவே கட்டி வெடித்தார்கள், அதுவும் இரண்டு முறை. முதல் தடவை கேமரா ஓடுவதற்கு முன்பே ஒரு ஸ்பானிய அதிகாரி வெடித்துவிட்டார். ராணுவமே திரும்பக் கட்டிக் கொடுத்தது. படத்தில் பாலம் வெடித்த பிறகு, சாகக் கிடக்கும் இளம் சிப்பாய்க்கு ஈஸ்ட்வுட் தன் கோட்டைப் போர்த்தி, சுருட்டை ஒரு இழுப்பு இழுக்கக் கொடுப்பார். அப்பாவோடு பார்க்கும்போது அங்கே மட்டும் எதுவும் பேசாதீர்கள்.