செவிலியர் பணிச்சோர்வு: கேள்வி பதில்

(பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

கேள்வி (மதுரை, தனியார் மருத்துவமனை): மேடம், விரும்பித்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது நோயாளிகளின் முகம்கூட மனத்தில் பதிவதில்லை. படுக்கை எண்தான் நிற்கிறது. நான் இரக்கமற்றவளாகிவிட்டேனா?

பதில்: இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவாக வரையறுத்து, ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குறைதல் என மூன்று கூறுகளைச் சொல்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. ஆகவே உங்கள் இரக்கத்தைப் பற்றிக் கேட்கும் முன், ஒரு ஷிஃப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்றுதான் நான் கேட்பேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு நோயாளி ஒருவர் கூடும்போது பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 விழுக்காடும், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும் உயர்ந்திருந்தன.

அந்த எண்ணிக்கையை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது. ஆனால் வார்டில் ஒரு திறனை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ள முடியும். படுக்கைப்புண் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு ஆபத்து அதிகம், யாரை எப்போது புரட்டிப் படுக்கவைப்பது, குதிகால் அழுந்தாமல் எப்படித் தாங்கல் வைப்பது என்று கற்று, "அந்தச் சிஸ்டரைக் கேளுங்கள்" என்று மற்றவர்கள் சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டால், வேலையின் மீது பிடிப்புத் திரும்பும். மருந்து கொடுக்கும் முன் பெயரைக் கேட்பதை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள். படுக்கை எண்ணை நம்பி ஊசி போடக் கூடாது.

கேள்வி (சேலம்): தொடர்ந்து நைட் டூட்டி. பகலில் தூக்கம் வருவதில்லை.

பதில்: காபியை நள்ளிரவோடு நிறுத்துங்கள், குடித்த காஃபீனில் ஏறக்குறையப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் விழிப்பு மிகவும் தாழும் என்பதால், அந்நேரத்து மருந்து அளவுக் கணக்கை இன்னொருவரைக் கொண்டு சரிபாருங்கள். நைட் முடிந்த கையோடு ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள், பேருந்தில் செல்லுங்கள்.

கேள்வி (திருச்சி, ஓய்வுபெற்ற செவிலியர்): எங்கள் காலத்தில் அறுபது படுக்கை வார்டை இரவில் ஒருவரே பார்த்தோம். இன்றைய பிள்ளைகளிடம் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது.

பதில்: அக்கா, உங்கள் உழைப்பை வணங்குகிறேன், முடிவை ஏற்க மாட்டேன். ஒருவர் அறுபது பேரைப் பார்த்தார் என்பது, அறுபது பேருக்கும் வேண்டியது கிடைத்தது என்பதற்குச் சான்றாகாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையே போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்கிறது. நெறிமுறை கேட்கும் ஆட்களை அமர்த்தாமல், இருப்பவரின் மனப்பான்மையை அளப்பது நியாயமில்லை.

கேள்வி (அதே திருச்சி வாசகர்): ஒரு செவிலியருக்கு இத்தனை பேர்தான் என்று சட்டம் போட்டால் ஆர்வம் வந்துவிடுமா?

பதில்: ஆர்வத்தைச் சட்டம் தராது, அது மிஞ்சியிருக்க நேரம் தரும். கலிஃபோர்னியாவில் 1999இல் சட்டம் இயற்றி 2004இல் நடைமுறைப்படுத்தினார்கள். பொது மருத்துவ, அறுவை வார்டுகளில் ஒரு செவிலியருக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது என்பது 2005 முதல் அங்கே விதி. நோயாளியின் அருகில் நின்று இரண்டு வார்த்தை பேச நேரமில்லாதவரிடம் சேவை மனத்தை எங்கே தேடுவது?

கேள்வி (விழுப்புரம், ஒப்பந்தச் செவிலியர்): ஊதியம் கேட்டாலும், சேவை மனப்பான்மை இல்லை என்ற இதே பழியைத்தான் சுமத்துகிறார்கள்.

பதில்: அந்தப் பழியை ஏற்காதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் சேர்ந்தவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 50 படுக்கைக்குக் குறைவான இடங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என 2016இல் பரிந்துரைத்தது. வாடகைக்கு வழியில்லாத கவலையோடு வருபவரைத் தியானம் செய்யச் சொல்வது தீர்வாகாது.

கேள்வி (நாகர்கோவில்): வெளிநாடு போனால் இந்தச் சோர்வு தீருமா?

பதில்: ஆள் பற்றாக்குறை அங்கும் உண்டு. ஊதியத்துக்காகப் போவது நல்ல காரணம், அதற்காகப் போங்கள்.

கேள்வி (கோவை): ஜெர்மனியா, இங்கிலாந்தா?

பதில்: நாகர்கோவிலுக்குச் சொன்னதே. விசா விவரம் என் துறையன்று.

கேள்வி (வேலூர்): மூன்று நைட் சேர்ந்து வருகிறது. எப்படித் தாங்குவது?

பதில்: சேலம் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னதை இருமுறை படியுங்கள்.

கேள்வி (குழந்தைகள் ஐ.சி.யு., ஊர் வேண்டாம்): சென்ற வாரம் ஒரு குழந்தை இறந்தது. பத்து நிமிடத்தில் அந்தப் படுக்கைக்கு அடுத்த குழந்தை வந்துவிட்டது. அழக்கூட நேரமில்லை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இந்த வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வார்டு இன்சார்ஜிடம் இரண்டு நாள் ஆஃப் கேளுங்கள். அன்று உடன் டூட்டி பார்த்தவர்களோடு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து பேசுங்கள், ஏனெனில் அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது. உறக்கமின்மையோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணமோ இருந்தால் இன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஒரு மாதம் கழித்தும் விட்டுவிடவே தோன்றினால், தொழிலை விடும் முன் வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள்.