பெல்லின் மனைவி ‘ஹலோ’ அல்ல

வணக்கம் சார்,

கிரகாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ, போனில் முதலில் கூப்பிட்டது அவளைத்தான், அதனால்தான் நாமும் ‘ஹலோ’ சொல்கிறோம் என்று எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி அதையே பேசிக் கைதட்டலும் வாங்கிவிட்டாள். உண்மையில் பெல் யாரைத் திருமணம் செய்தார்? அவர் குடும்பம் எப்படி?

பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அப்படி ஒரு காதலியே கிடையாது. 1876 மார்ச் 10 அன்று பெல் கருவியில் கூப்பிட்டது உதவியாளர் வாட்சனை. போனை எடுத்தால் ‘அஹாய்’ சொல்ல வேண்டும் என்பது பெல்லின் கட்சி. ‘ஹலோ’வுக்கு வாதாடியவர் எடிசன். அது கிடக்கட்டும், மனைவிக்கு வருவோம்.

மேபல் ஹப்பர்ட். ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து காது அடியோடு போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். (பேச்சு பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். எந்த மனைவிக்குக் கிடைக்கும் இந்த வசதி!) 1873இல் பாஸ்டனில் பெல்லிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனவருக்கு, உடையில் அக்கறையில்லாத அந்த வாத்தியாரை முதலில் பிடிக்கவே இல்லை. அப்பா கார்டினர் ஹப்பர்ட் வக்கீல். பெல்லின் தந்தி ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர். பாடம் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டுத் தந்தியைக் கவனி என்று நெருக்கியிருக்கிறார். பெல் மசியவில்லை. 1875 நவம்பர் 25, மேபலுக்கு 18 வயது நிறைந்த அன்று நிச்சயமானது.

மறு வருடம் பிலடெல்பியா கண்காட்சி. மாணவர்களுக்குத் தேர்வு இருக்கிறது, வரமாட்டேன் என்ற பெல்லைப் பிடிவாதமாக ரயிலேற்றி அனுப்பியவர் மேபல். அங்கேதான் பிரேசில் பேரரசர் கருவியைக் காதில் வைத்து அசந்துபோனார்.

1877 ஜூலை 9 அன்று பெல் டெலிபோன் கம்பெனி தொடங்கியது. 11ஆம் தேதி கல்யாணம். தனக்குப் பத்துப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதி 1,487 பங்குகளையும் மணப்பெண் பேருக்கு எழுதிவைத்தார் மாப்பிள்ளை. போனில் ஒரு சொல்கூடக் கேட்க முடியாத 19 வயதுப் பெண், கம்பெனியின் பெரிய பங்குதாரர்களில் ஒருவர் ஆனார்.

பெல் விடிய விடிய வேலை செய்து பகலில் தூங்குகிறவர். அதில் மேபலுக்கு ஓயாத மனக்குறை. எல்ஸி, மரியன் என்று இரண்டு மகள்கள். 1881இல் பிறந்த மகன் எட்வர்ட் மூச்சுத் திணறி அன்றே இறந்தான். பெல் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. மார்பைச் சுற்றிக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மூச்சுவிட வைக்கும் உலோகக் கவசம் ஒன்றைச் செய்தார். 1883இல் பிறந்த ராபர்ட்டும் தங்கவில்லை. 1907இல் பெல்லும் நான்கு இளைஞர்களும் விமானம் செய்யக் கூடியபோது அந்தச் சங்கம் மேபலின் யோசனை, பணமும் மேபலுடையது.

எனக்கு இடறுவது வேறு. பெல்லின் தாய்க்கும் காது கேட்காது. அப்படிப்பட்டவர் 1883இல் தேசிய அறிவியல் கழகத்தில் ஓர் ஆய்வுரை வாசித்தார்: காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்டே போனால் காது கேளாத மனித வகையே உருவாகிவிடும், அவர்கள் ஒன்றுசேர வழிவிடும் விடுதிப் பள்ளிகளும் சைகை மொழியும் வேண்டாம். பெல் நல்ல கணவர் என்று தயங்காமல் சொல்வேன். வகுப்பில் சைகையில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.