நட்சத்திர ஆமையைக் காட்டலாமா?

கேள்வி: மழை விட்டதும் எங்கள் ஊர் முட்காட்டில் நட்சத்திர ஆமையைச் செல்போனில் வீடியோ எடுத்தேன். அதைக் காக்க வேண்டும் என்று சொல்லி இணையத்தில் போடலாமா?
- வாசகி ஒருவர்

பதில்: தாராளமாகப் போடுங்கள் அம்மா, ஆனால் இடம் தெரியவே கூடாது. (உங்கள் ஊர்ப் பெயரை நானும் அச்சிடவில்லை.) காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் 2019-இல் சேர்த்த பிறகும், வளர்ப்புப் பிராணியாக விற்க இந்த ஆமைகளைக் கடத்துகிறார்கள். கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். அது மட்டும் போதாது. நீங்கள் அனுப்பிய வீடியோவில் ஆமைக்குப் பின்னால் ஒரு குன்றும் கோயில் கோபுரமும் தெளிவாகத் தெரிகின்றன. விவரம் தெரிந்தவனுக்கு அது போதும், வெட்டிவிடுங்கள்.

கையில் தூக்கிக் காட்டும் காட்சியும் வேண்டாம். பயந்த ஆமை உடம்பில் சேமித்த நீரைச் சிறுநீராகக் கழித்துவிடும். வறண்ட காட்டில் அது பெரிய இழப்பு. பார்ப்பவர்களுக்கும் தூக்கிப் பார்க்கத்தான் தோன்றும். அதைவிட, காய்ந்த புல்லுக்குள் நுழைந்ததும் ஓட்டின் மஞ்சள் கதிர்கள் புல்லோடு புல்லாகக் கலந்து ஆமையே மறைந்துபோகிறதே, எவ்வளவு அழகு! அதைக் கதையாகச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது குற்றம் என்றும் எழுதுங்கள். "எங்கே கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.